கட்டாத கடலும் கறுப்பு அட்டைப் புத்தகமும்

ராயப்பா, உறையைக் கிழித்ததும் இது அம்மை எழுதிய கடிதம் என்று நினைப்பாய். எழுத்துதான் அவளுடையது, பேச்சு என்னுடையது. நான் கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் தரையில் காலை நீட்டி, மடியில் பலகையை வைத்து எழுதுகிறாள். கடலில் பக்கத்து வள்ளத்துக்காரனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை எனக்கு. “இம்புட்டுச் சத்தம் போட்டா திரேஸ்புரம் பூரா கேக்கும். மெதுவாச் சொல்லுங்க. பேனா என்ன வள்ளமா, இழுத்த இழுப்புக்கு வாரதுக்கு?” என்று இப்போதுதான் ஒரு அதட்டல் போட்டாள். அதையும் எழுது என்றேன். எழுபது தாண்டியும் எனக்கு என் பேரை எழுத வராது. ஆனால் காதில் ஒருதரம் விழுந்தது சாகும்வரை போகாது. இந்த இரண்டும் உனக்குத் தெரிந்ததுதான். இரண்டையும் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதம் நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிய வாரத்தில் வந்தது. ஆறு வருசத்தில் நீ எழுதிய நீளமான கடிதம் அதுதான். பாஸ்குத் திருநாள் முடிந்து, சென்னையில் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் என்று எழுதியிருந்தாய். பெண் செல்வக்கனி, சாத்தான்குளத்துப் பலசரக்குக் கடைக்காரர் மகள், நீ வேலை செய்யும் பட்டறைக்குப் பக்கத்தில் தபால் ஆபீசில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். கோயிலும் கிடையாது, குருவானவரும் கிடையாது, இரண்டு பேர் கையெழுத்து மட்டும்தான் என்றும் எழுதியிருந்தாய். அது வரைக்கும் நான் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீ எழுதியதை அம்மை இரண்டு தடவை வாசித்தாள். “என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு புத்தகம் இருக்கிறது. சாமி இல்லை என்று சொல்கிற புத்தகம். அம்மையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் அப்பா. கேட்டுவிட்டு வராமல் இருந்தால் எனக்கு வருத்தம் இல்லை. கேட்காமலேயே வரமாட்டேன் என்று சொன்னால் அதுதான் வருத்தம். நான் வழி தவறிப் போகவில்லை, யோசித்துப் போனேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.”

வாசித்து முடித்து அவள் கடிதத்தை மடித்தாள். எனக்குத் தலை சுற்றியது, ஆனால் நீ நினைக்கிற காரணத்தால் இல்லை. “ஏளா, அந்தப் பொஸ்தகத்தத்தான் நான் கடல்ல போட்டேனே. அது எப்படிப் பெட்டியில கெடக்கும்?” என்றேன். அவள் கடிதத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள். பிறகு எழுந்துபோய், உன் பெட்டியைத் தொடாமல் தன் பெட்டியைத் திறந்து, தன் கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து, காக்கித்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். அட்டையை விலக்கினாள். உள்ளே கறுப்பு. “நீங்க கடல்ல போட்டது இது இல்ல” என்றாள்.

நடந்ததை உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை, நீயும் ஒருநாளும் கேட்கவில்லை. புதுத் துறைமுகத்துக்கு லாரி லாரியாகக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். நீ பட்டறைக்குப் போய்க்கொண்டு, லாஞ்சு எஞ்சின் ஓட்டுகிற பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் கடைத்தெருவில் அண்ணாச்சி ஒருவர், புகையிலையை மடித்துக் கொடுத்துக்கொண்டே, “ஒம்ம மவன் என்னவே, கறுப்புச் சட்டக்காரன் கூட்டத்துல போயி சாமி இல்லங்குற பொஸ்தகத்த வாங்கிட்டு வாரான்? ஊரு பூராம் சிரிக்குல்லா” என்றார். அவர் சொன்ன விதத்தில், என் வீட்டில் தீப்பிடித்ததை நான் மட்டும் பார்க்காமல் இருப்பது போலத் தோன்றியது. வீட்டுக்கு வந்தேன். உன் தலையணைக்குக் கீழே காக்கித்தாள் அட்டை போட்டு இரண்டு இருந்தன. ஒன்றுபோல இருந்தன. வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு நொடி வேலை. எனக்கு என்ன தெரியும்? இரண்டையும் இரண்டு கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். பாவம் கனமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கனமாக இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் உன் சூசை மாமாவின் குளிகல்லை, சிப்பி எடுக்கக் கடலுக்கு அடியில் போகும்போது அவர் காலில் கட்டிக்கொள்ளும் அந்தக் கல்லை, வீட்டில் கதவுக்கு அண்டை கொடுத்திருந்தோமே அதை எடுத்தேன். அதன் துளையில் கயிறு கோத்து, புத்தகத்தைச் சுற்றிக் கட்டி, பத்துப் பாகம் ஆழமுள்ள தண்ணீரில் இறக்கிவிட்டேன். அது அடிக்குப் போகும்போது ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரமும் சொன்னேன். மாமாவின் கல்லும் போய்விட்டது. நீ அன்று பொழுது சாய வந்து தலையணையைத் தூக்கிப் பார்த்தாய். கதவு பக்கம் பார்த்தாய். அண்டைக்கல் இல்லை. என்னைப் பார்த்தாய். நான் முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன், பெரிய காரியம் செய்தவன் மாதிரி. மிச்சம் கிடந்ததை எடுத்து உன் பெட்டிக்குள் வைத்தாய். மூன்று நாளில் சென்னைக்குப் போய்விட்டாய்.

இத்தனை வருசமும், சாமி இல்லை என்கிற புத்தகத்தைப் போட்டதால்தான் கோபித்துக்கொண்டு போனாய் என்று நினைத்திருந்தேன். நான் போட்டது, ஒரு வருசம் உட்கார்ந்து உன் கையால் பார்த்துப் பார்த்து எழுதிய எஞ்சின் பாட நோட்டு. பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்ததாம். அம்மை இப்போது சொல்கிறாள். அவளுக்கு அந்த வாரமே தெரியும். “ஏன் ஆறு வருசம் வாயத் தெறக்கல?” என்று கேட்டேன். “தெறந்திருந்தா இதையும் கொண்டுபோயிக் கல்லக் கட்டிப் போட்டிருப்பிய. பய கையால தொட்டதுன்னு வீட்டுல இது ஒண்ணுதான் மிச்சம்” என்றாள். தினம் மூன்று வேளை செபம் சொல்கிறவள், சாமி இல்லை என்கிற புத்தகத்தைக் கல்யாணச் சேலைக்குள் வைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை போட்டுக் காத்திருக்கிறாள். மனுசரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்த நினைப்பு அன்றோடு போனது.

ஆனாலும் வாசிப்பதா வேண்டாமா என்று மூன்று நாள் முடிவு வரவில்லை. எனக்குள்ளே என்ன பயம் என்று உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் புத்தகம் பொய் என்று பட்டால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மெய் என்று பட்டுவிட்டால்? வாலிபன் என்றால் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டிக்கொள்வான். எழுபது வயதுக்காரன் இடித்துவிட்டு எங்கே போய்ப் படுப்பான்? அம்மையின் பயம் வேறு. உனக்கு மூத்தவள் ரோசம்மாள், நாலு வயதில் காய்ச்சலில் போனவள், நீ பார்த்திராதவள். அம்மை சொன்னாள்: “அவ எங்க இருக்கான்னு எனக்கு ஒரு எடம் இருக்கு. அங்கன போயி அவளப் பாப்பேன்னுதான் ஒவ்வொரு நாளும் எந்திக்கேன். அந்த எடத்தயும் இது எடுத்துட்டுன்னா நான் என்ன செய்ய?” கேட்கிறவன் நான், வாசிக்க வேண்டிய வாய் அவளுடையது. புத்தகம் என் காதுக்கு வரும் முன்னால் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். வாசி என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பங்குச் சாமியாரிடம் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். “கேட்டா வேண்டாம்னுட்டார்னா? பொறவு வாசிச்சா பாவம் முழுசு. கேக்காம வாசிச்சா பாதிதான்” என்றாள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, அவள் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று. என் மனசைச் சாய்த்தது வேறு ஒன்று. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சூசை மாமா சாகிற வரைக்கும் அவரிடமும் சொன்னதில்லை. கடல் தெரியாத ஊர்ப் பெண் செல்வக்கனிக்கும் இதை வாசித்துக் காட்டு. அவளுக்காகத்தான் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பு. எனக்கு இருபது வயது இருக்கும். சிப்பி எடுக்கிறவன் காலில் கல்லைக் கட்டிக் கீழே போவான். அவன் இடுப்புக் கயிற்றை மேலே வள்ளத்தில் ஒருவன் பிடித்திருப்பான். கயிறு ஆடினால் இழுக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் பிணம்தான் வரும். அதனால் எங்கள் ஆட்கள் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். அக்காள் தாலியைத் தன் கையில் வைத்திருக்கிறவன் கண் அயர மாட்டான் என்று கணக்கு. என் அக்காள் புருசன் சூசை அத்தான் கீழே போவார், நான் மேலே பிடிப்பேன். எல்லாருக்கும் மேலே கடல்கட்டி என்று ஒரு கிழவர் இருந்தார். காலையில் அவர் கரையில் நின்று மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுவார். கட்டிவிட்டால் சுறா வாயைத் திறக்காது என்று நம்பிக்கை. கட்டவில்லை என்றால் ஒருவனும் தண்ணீரில் இறங்க மாட்டான். சிலுவை போட்டவன், நீறு பூசினவன், தொழுகிறவன், யாருமே இறங்க மாட்டான். வள்ளத்துக்கு ஒரு சிப்பி என்று தினமும் அவருக்குக் காணிக்கை. எங்கள் வள்ளத்துச் சிப்பியை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் போனால் கிழவர் காய்ச்சலில் கிடக்கிறார், தலையைத் தூக்க முடியவில்லை. “தாத்தா, நாளைக்கு நீரு வரலன்னா அம்புட்டு வள்ளமும் கரையில கெடக்கும். மந்திரத்தையாவது என்கிட்டச் சொல்லும்” என்றேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகப் போனது. “மந்திரமா? ஏலே, சுறா என்ன எனக்கு மருமவனா, சொன்ன பேச்சக் கேக்கதுக்கு? நான் கட்டுதது ஒண்ணுமில்லல. தண்ணி நெறத்தப் பாப்பேன், பொடிமீனு எப்படி ஓடுதுன்னு பாப்பேன், பறவை எங்கன எறங்குதுன்னு பாப்பேன். சரியில்லன்னா இன்னைக்குக் கட்டு நிக்கலன்னு சொல்லிருவேன். அம்புட்டுத்தான். வெளிய சொல்லிராத, நான் கஞ்சி குடிக்கணும்” என்றார். ராயப்பா, நீ கூட்டத்தில் வாங்கி வந்த புத்தகத்தை நான் உனக்கு நாற்பது வருசம் முன்னாலேயே, ஒரே மூச்சில், ஒரு கிழவர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்.

காலையில் வள்ளங்கள் எல்லாம் முன்மூக்கை, அணியத்தை, நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அத்தான் என் முகத்தைப் பார்த்தார். “கெழவர் எங்கல? கட்டியாச்சா?” நான் தண்ணீரைப் பார்த்தேன், கிழவர் சொன்னபடி நிறத்தைப் பார்த்தேன், பறவையைப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும், ஒருநாள் பாடம். “படுத்துக்கிட்டே கட்டிட்டாரு, அத்தான். தெம்பாப் போவச் சொன்னாரு” என்றேன். வாய்கூசாமல் சொன்னேன். அத்தான் சிரித்துக்கொண்டே மூக்கைப் பிடித்துக் கீழே போனார். அவர் கடல் கட்டப்பட்டிருக்கிறது என்று போகிறார். கட்டவில்லை என்பது அந்த வள்ளங்கள் அத்தனையிலும் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அன்று நான் வெற்றிலை போடவில்லை. பக்கத்து வள்ளத்துக்காரன் வேடிக்கை பேசினான், திரும்பவில்லை. முதுகில் வெயில் உரித்தது, தெரியவில்லை. கயிறு என் கையில் இல்லை, என் நரம்பில் இருந்தது. கீழே அவர் ஒரு சிப்பியைப் புரட்டினால் எனக்கு மேலே தெரிந்தது. அதற்கு முன்னால் இரண்டு பருவம் கயிறு பிடித்திருக்கிறேன். ஒழுங்காகப் பிடித்தது அன்றைக்குத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. நல்ல சிப்பி, எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு கரைக்கு வந்தோம். கிழவரும் நாலு நாளில் எழுந்து வந்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அந்த ஒரு நாளைக்குப் பிறகு நான் கயிறு பிடித்த விதமே மாறிப்போனது. பயம் கீழே போகிறவனுக்கு ஆகாது, மேலே நிற்கிறவனுக்கு அது இல்லாமல் ஆகாது. உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் இது ஞாபகம் வந்தது. ஒரு கிழவர் சொன்ன ‘இல்லை’ என்னைக் கெடுக்கவில்லையே, கொஞ்சம் நல்லவனாகத்தானே ஆக்கியது, பிறகு எதற்கு ஒரு காகிதத்துக்குப் பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். இந்தக் கதையை அம்மையிடம் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, “என்கிட்டயே மறைச்சிட்டியளே, கள்ளப்பய” என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, புத்தகத்தை எடுத்தாள்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தினமும் கொஞ்சம். அம்மைக்கு ஒரே ஒரு ராகத்தில்தான் வாசிக்க வரும் என்பது உனக்குத் தெரியும், மாதா பிரார்த்தனை ராகம், ஒருவர் ஒரு வரி நீட்ட மற்றவர்கள் பதில் சொல்கிற ராகம். கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தது. அந்தக் கறுப்புப் புத்தகத்தையும் அப்படியே இழுத்து வாசிக்கிறாள். “கடவுளை மனிதனே படைத்தான்” என்று அவள் நீட்டி இறக்கியதும், என் வாய் பழக்கத்தில் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது போதாது என்று பக்கத்து வீட்டு மரியம்மை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “என்ன மைனி, தபசு காலத்துக்குப் புதுப் பிரார்த்தனையா? நானும் வரட்டா?” என்று குரல் கொடுத்தாள். “இது ஆம்பளைகளுக்கு உள்ளது” என்று அம்மை ஒரு போடு போட்டாள். ஆக, பொய்யும் சேர்ந்தது. பாவம் பாதி என்றது முக்கால் ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள் ஒரு சங்கடம். கடவுள் இல்லை என்பதற்கு மூன்று காரணம் என்று வாசித்தாள். ஒன்று சொன்னாள், இரண்டு சொன்னாள், புத்தகத்தை மூடினாள். “மூணாவது எங்கன, ஏளா?” என்றேன். “அச்சு அழிஞ்சி போச்சி” என்றாள். “நேத்து ஒரு பக்கத்துக்கு நீ எடுத்த நேரம் எனக்குத் தெரியும். இன்னைக்கு ரெண்டு பக்கம் திருப்புன. ரெண்டு பக்கமும் சேந்தா அழிஞ்சி போச்சி?” என்றேன். அவள் எழுந்துபோய் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள். கேட்டிருக்கக் கூடாது. கண் தெரியாதவன் கண்ணாடியைப் பிடுங்கின மாதிரி, வாசிக்கத் தெரியாதவன் வாசிக்கிறவளைக் குற்றம் பிடித்தேன்.

மறுநாள் அவளாகவே வந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ராகம் இல்லாமல் வாசித்தாள். அவள் அப்படி வாசித்து நான் கேட்டதே இல்லை, யாரோ எதிரில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. இரக்கமுள்ள கடவுள் ஒருவர் இருந்தால் பாலும் மறக்காத குழந்தை ஏன் சாகிறது, அது என்ன பாவம் செய்தது, எந்தக் கோயிலாவது இதற்குப் பதில் சொல்லட்டும் என்று எழுதியிருந்தது. முடித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “இதக் கேக்கதுக்கா இந்த மனுசன் இம்புட்டுப் பெரிய பொஸ்தகம் எழுதுனான்? நான் முப்பது வருசமா மாதா முன்னால முட்டுப்போட்டு இதத்தான கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றாள். பிறகு, “பாவம், இவனுக்கும் ஒரு பிள்ளை போயிருக்கும் போல” என்றாள். அன்றிலிருந்து அவளுக்குப் பயம் விட்டுப்போனது. அந்த எழுதினவனுக்காகவும் சேர்த்துச் செபம் சொல்கிறாள். உனக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொள். சூட்டோடு சூடாக அவள் இன்னும் ஒன்று சொன்னாள்: ரோசம்மாள் இருக்கிற இடம் இந்தப் புத்தகத்துக்கு எட்டவில்லையாம். தேடிப் பார்த்தாளாம், அங்கே வரை எழுதவில்லையாம்.

என்னைக் கேட்டால், சிலது எனக்கு ஒத்துவந்தது. பயத்தை விற்றுக் காசாக்குகிறவர்களைப் பற்றி எழுதியிருப்பது மெய்தான், எல்லாச் சாமியின் பேரிலும் அப்படி ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பயத்தில்தான் மனுசன் கடவுளை உண்டாக்கினான் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதினவர் கடலில் போனவர் இல்லை. வாடைக்காற்றில் பாய்மரம் முறிந்து ஒருநாள் முழுக்கத் தத்தளித்தபோது எனக்குக் கடவுள் ஞாபகமே வரவில்லை. எங்க அம்மையைத்தான் கூப்பிட்டேன், தண்ணீர் இறைத்தேன், கெட்ட வார்த்தை பேசினேன். கரையேறி, ஈர மணலில் கவிழ்ந்து கிடந்து, எவனோ கொடுத்த சுக்குத்தண்ணியைக் குடித்தபோதுதான் அவர் ஞாபகம் வந்தது. என் கடவுள் பயத்தில் வந்தவர் இல்லை, சுக்குத்தண்ணியில் வந்தவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தில் கோபம் அதிகம். நம்புகிறவனை மடையன் மடையன் என்று திட்டுகிறார். சூசை மாமா மடையன் இல்லை. கடல் கட்டப்பட்டிருக்கிறது என்று நம்பினதால்தான் அத்தனை ஆழத்தில் அவர் கை நடுங்காமல் இருந்தது. நீ இனி இப்படிப் புத்தகம் வாசித்தாலும் வாசி, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாசிக்காதவனைப் பார்த்துச் சிரிக்கிற புத்தகமாக இருந்தால் மட்டும், அந்த இடத்தில் என்னை ஒருதரம் நினைத்துக்கொள்.

நான் உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. நோட்டைக் கடலில் போட்டவனுக்கு அந்தத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கடல் கட்டப்படவில்லை என்று நீ சொல்கிறாய். சரி, அப்படியே இருக்கட்டும். கட்டியிருக்கிறது என்று நம்புகிறவன் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளலாம், பக்கத்து வள்ளத்துக்காரனோடு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளலாம். கட்டவில்லை என்று தெரிந்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அன்றைக்கு ரிஜிஸ்தர் ஆபீசில் நீ கையெழுத்துப் போட்டதும் செல்வக்கனியின் கயிறு உன் கைக்கு வந்துவிடும், உன் கயிறு அவள் கைக்குப் போய்விடும். அவளைப் பெற்றவர்கள் கோபத்தில் வராமல் இருக்கலாம் என்று எழுதியிருந்தாய். பார்த்துக்கொள்ள மேலே ஒருவரும் இல்லை என்று இரண்டு பேரும் நினைக்கிறீர்கள். அப்படியென்றால் கண்ணை எடுக்காதே. காய்ச்சலில் கிடந்தால், வேலை போனால், பிள்ளை பிறக்கத் தாமதமானால், ஒருவர் மூச்சு முட்டுவது மற்றவர் கைக்குத் தெரிய வேண்டும். நான் கட்டாத கடலில் ஒருநாள் பிடித்தேன். நீ தினமும் பிடிக்க வேண்டும். உன்னால் ஆகும். உன் வயதில் என் கையைவிட உன் கை உறுதி.

இப்போது நோட்டு விசயம். நீ விடியற்காலையில் சத்தம் போட்டுத்தான் படிப்பாய். நான் கட்டிலில் கண்ணை மூடிக் கிடப்பேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாய். பிஸ்டன் மேலே போனால் வால்வு என்ன செய்யும், டீசல் எப்போது தெளிக்கும், எஞ்சின் சூடாகி நின்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், கேள்வியும் பதிலுமாக எட்டுப் பாடம் என் காதில் அப்படியே கிடக்கிறது. அர்த்தம் ஒன்றும் தெரியாது, வார்த்தை ஒன்றும் போகவில்லை. பத்து நாளாக நான் சொல்கிறேன், அம்மை எழுதுகிறாள். “இந்த எழவு வால்வு எத்தன தடவதான் தெறக்கும்?” என்று சலித்துக்கொண்டே எழுதுகிறாள். ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைந்துவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் அம்மையுடையது, பாடப் பிழை இருந்தால் அது நீ அன்றைக்கே தப்பாகப் படித்தது. என் காதில் பிழை இருக்காது. எட்டுக்கு மேல் நீ சத்தமில்லாமல் படித்ததெல்லாம் கடலோடு போய்விட்டது, அதற்கு நான் என்ன செய்வேன்? மன்னித்துக்கொள். பரீட்சை இப்போதும் வருசா வருசம் நடக்கிறதாம், விசாரித்துவிட்டேன்.

நாங்கள் வருகிறோம். ரயிலுக்குச் சொல்லியாயிற்று. புத்தகம் இன்னும் கால்வாசி மிச்சம் இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறோம். கல்யாணம் முடிந்து ஒருநாள் சும்மா இருக்கும்போது மிச்சத்தை நீ வாசி. பிரார்த்தனை ராகம் இல்லாமல் அது எப்படி இருக்கும் என்று கேட்க ஆசை. செல்வக்கனியும் பக்கத்தில் உட்காரட்டும். எனக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பேன், கோபப்படக் கூடாது.

கடைசியாக ஒன்று. நீ சென்னைக்குப் போன அன்று காலையில் அம்மை வாசல் வரைக்கும் வந்து, நெற்றியில் சிலுவை போடக் கையைத் தூக்கினாள். வீட்டை விட்டு வெளியூர் போகிற பிள்ளைக்கு நம் ஆட்கள் எல்லாரும் போடுகிறதுதான். நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். தூக்கின கையை அவள் அப்படியே கொண்டுபோய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள், முதலிலேயே நிலையைப் பிடிக்கத்தான் தூக்கினவள் மாதிரி. நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. அந்தக் கையோடுதான் சென்னைக்கு வருகிறாள். நீ நம்ப வேண்டாம், ஆமென் சொல்ல வேண்டாம். நீ என்னைவிட ஒரு சாண் உயரம், அவள் என் தோளுக்கு வருவாள். இதை எழுதும்போது பேனாவை நிறுத்திவிட்டு, “எனக்கு எட்டும், நீங்க சோலியப் பாருங்க” என்கிறாள்.

எட்டாது, ராயப்பா. நீ கொஞ்சம் குனி.